பன்றிக்கு நான் கொடுத்த காய்ச்சல்

சாம்பிள் குழாயின் மூடியைப் பல்லால் கடித்துத் திறக்கும் பழக்கம் எனக்குப் பல வருடங்கள் இருந்தது. கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்த எங்கள் காலத்து ஆட்கள் பலருக்கும் இருந்தது. ஒரு கை மாட்டைப் பிடித்திருக்கும், மறு கையில் ஊசி இருக்கும். மூடியைக் கழற்ற மூன்றாவது கைக்கு எங்கே போவது? அந்தப் பழக்கத்தால் என்ன ஆனது என்பதை இதுவரை நான் எழுதியதில்லை. ஓசூர்ப் பக்கம் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "விலங்குகிட்ட இருந்து மனுஷனுக்கு வைரஸ் எப்படி சார் தாவுது?" இந்தக் கேள்வியை ஒருவர்கூடத் திருப்பிப் போட்டுக் கேட்டதில்லை. அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் மத்தூர்க்காரன். பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தடுப்பூசி போடவும், சினை ஊசி போடவும், உதை வாங்காமல் மாட்டுக்குப் பின்னால் நிற்கவும் கற்றுக்கொண்டேன். முதல் இரண்டையும் விட மூன்றாவதுதான் கடைசி வரை உதவியது.

உண்மையான பாடம் நாட்றாம்பாளையத்தில் தொடங்கியது. ஒரு பசு இரண்டு நாளாகத் தண்ணீர் குடிக்காமல் எச்சில் ஒழுக நின்றது. தொண்டையில் சோளக்கட்டை சிக்கியிருக்கிறது என்றார் சொந்தக்காரர். நான் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முழங்கை வரை பசுவின் வாய்க்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் ஜீப்பில் வந்து இறங்கியவர் டாக்டர் யூசுப். அந்த வாரம்தான் எங்கள் பிரிவுக்கு மாற்றலாகி வந்திருந்தார்.

"கையில கீறல் ஏதாவது இருக்கா?" என்றார்.

இருந்தது. வரும் வழியில் முள் கிழித்திருந்தது. அவர் திட்டவில்லை. கிணற்றடிக்குக் கூட்டிப்போய் சோப்பைக் கையில் கொடுத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி கால் மணி நேரம் கழுவ வைத்தார். நான் நிறுத்தப் போனால் "இன்னும் இருக்கு" என்பார். அப்புறம் தானே ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட வைத்தார். "தொண்டையில சிக்கலா, மூளையில சிக்கலான்னு தெரியாம மாட்டு வாயில கை விடக் கூடாது" என்று வழியில் ஒரே ஒரு முறை சொன்னார். மூன்றாம் நாள் பசு செத்தது. மூளையைச் சோதித்ததில் வெறிநோய் என்று வந்தது.

அன்றிலிருந்து விலங்குகளின் எச்சில், சளி, ரத்தம் எதுவானாலும் எனக்குப் பயம்தான். அவை நமக்குக் கொடுக்கும், நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இந்த ஒருவழிப் பாதையைத்தான் நான் பாடமாக எடுத்துக்கொண்டேன். எங்கே தப்பு செய்தேன் என்று இப்போது கேட்டால், அங்கேதான்.

டாக்டர் யூசுப் கிருஷ்ணகிரிக்காரர். ஆபீஸ் உதவியாளர் முதல் மேலதிகாரி வரை எல்லோருக்கும் "நீங்க"தான். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆனால் அவர் கையிலிருந்த பென்சிலைக் கண்டு ஆபீஸே நடுங்கும். சாம்பிள் கட்டும்போது ஒவ்வொரு குழாயின் லேபிளையும் சத்தமாகப் படிப்பார். குழாயைப் பஞ்சில் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதை ஒரு டப்பாவில் வைத்து, டப்பாவை ஐஸ் பெட்டியில் இறக்க வேண்டும். விண்ணப்பத் தாள் நனையாமல் இருக்கத் தனி உறையில் வெளியே ஒட்ட வேண்டும். தேதியில் ஓர் எண் தெளிவில்லாமல் இருந்தாலும் அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, பேசாமல் திருப்பிக் கொடுப்பார். திருத்தும் வரை கையெழுத்து கிடையாது. அந்த வட்டத்துக்கு நான் மனசுக்குள் வைத்திருந்த பேரை இங்கே எழுத முடியாது.

சில மாநிலங்களில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தபோது, எங்கள் பக்கத்துக் கோழிப் பண்ணைகளுக்கு நாங்கள் ஓயாமல் அலைந்தோம். ஒரு மத்தியானம், டீ ஆறிப்போகும் அளவுக்கு, வீணாய்ப் போன ஒரு படிவத்தின் பின்பக்கத்தில் அவர் எனக்குப் படம் போட்டு விளக்கினார்.

"இந்த வைரஸுக்குத் தானா பெருகத் தெரியாது. நம்ம செல்லுக்குள்ள பூந்துதான் தன்னைப் பிரதி எடுக்கும். அவசரத்துல எடுக்கிற பிரதி, எழுத்துப்பிழை வந்துகிட்டே இருக்கும். முக்கால்வாசிப் பிழையால அதுக்கே நஷ்டம், செத்துப்போகும். ஏதோ ஒரு பிழை புது உடம்புல ஒட்டிக்க உதவிடுச்சுன்னா, அது நிலைச்சிடும்."

"அப்போ பன்னியை மட்டும் ஏன் சார் எல்லாரும் பயமா சொல்றாங்க?"

"கோழியோட வைரஸும் பன்னிக்குள்ள நுழையும், மனுஷனோடதும் நுழையும். ரெண்டும் ஒரே செல்லுல சந்திச்சா வெறும் எழுத்துப்பிழையோட நிக்காது. அதோட மரபுச் சரக்கு எட்டுத் துண்டா இருக்கு. ரெண்டு சீட்டுக்கட்டைக் கலந்து குலுக்கின மாதிரி ஆயிடும். வெளிய வர்ற கட்டு யாருக்கும் பழக்கமில்லாததா இருக்கும்."

எனக்கு நன்றாகப் புரிந்தது. மனுஷனோடதும் நுழையும் என்று அவர் சொன்னது மட்டும் காதில் விழுந்து மண்டையில் ஏறவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில் பன்றிக் காய்ச்சல் வந்தது. மனிதனுக்கு மனிதன் பரவிய அந்த நோய்க்குப் பன்றியின் பேரை வைத்ததிலேயே பாதி அநியாயம் நடந்துவிட்டது. பெங்களூரில் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்றதும், தினமும் எல்லை தாண்டி அங்கே வேலைக்குப் போய்வரும் எங்கள் ஓசூர்க் குடியிருப்பில் எல்லோரும் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டார்கள். அடுத்த வாரமே எங்களுக்கு உத்தரவு வந்தது. பன்றிகள் ஆரோக்கியமாக இருந்தாலும், எல்லாப் பண்ணையிலும் மூக்குச் சளி எடுத்து அனுப்ப வேண்டும். கெடு மிகக் குறைவு. பன்றிப் பண்ணை என்றதும் ஆபீஸில் ஒன்றிரண்டு பேர் டாக்டர் யூசுப்பின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக ஜீப்பில் ஏறினார்.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், ஏரிக்கரையை ஒட்டி இருந்தது முனிரத்தினம்மாவின் பண்ணை. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களோடு தமிழ். கணவர் இல்லை. ஐந்து கொட்டகைகளையும் தனியாளாகப் பார்த்துக்கொண்டார். தொழிற்சாலை கேன்டீன்களில் மிஞ்சும் சோறும் குழம்பும் பீப்பாய் பீப்பாயாக வேனில் வரும். அதைப் பெரிய டிரம்மில் கொட்டி மறுபடி கொதிக்க வைத்து, ஆறவிட்டுத்தான் பன்றிகளுக்கு ஊற்றுவார். காய்ச்சல் செய்தி வந்ததும் கேட்டைப் பூட்டிவிட்டார். பீப்பாய் வெளியிலேயே இறங்கியது. கேட்டருகே கால் நனைக்க ஒரு தொட்டியில் பிளீச்சிங் தண்ணீர். சர்க்கார் சொல்லி அல்ல, அவராகவே செய்தது.

நான் அங்கே போன திங்கட்கிழமை எனக்குக் காய்ச்சல். பெங்களூரிலிருந்து வந்திருந்த மச்சினன் இரண்டு நாள் இருமிவிட்டுப் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே உடம்பு அனலாகக் கொதித்தது. "இந்தக் காய்ச்சலோட எங்க கெளம்பறீங்க? லீவு சொன்னா ஆபீஸ் ஓடிப்போயிடுமா?" என்று என் மனைவி கேட்டாள். அந்த வருடம் அதுவரை ஒரு நாள்கூட லீவு எடுக்காதவன் நான். அதில் எனக்கு ஒரு திமிர். ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு வண்டியை எடுத்தேன். டாக்டர் அன்று வேறு பண்ணைக்குப் போயிருந்ததால் நான் தனியாள்.

"இன்னா சாரே, மூஞ்செல்லாம் வேர்த்துக் கொட்டுது?" என்றார் முனிரத்தினம்மா.

"வெயிலும்மா" என்றேன்.

பன்றியிடம் சளி எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. மேல்தாடையில் சுருக்குக் கயிற்றை மாட்டினால் அது பின்னால் இழுத்துக்கொண்டு ஊரைக் கூட்டும். முனிரத்தினம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டார். நான் குத்துக்காலிட்டு இடது கையால் மூக்கை அணைத்து, வலது கையால் பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டுச் சுழற்றி எடுக்க வேண்டும். குழாய் மூடியை என்ன செய்வது? முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கினேன், மூடியைப் பல்லால் கடித்தேன். என் முகத்துக்கும் பன்றியின் முகத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அன்று நான் போனது மூன்றாம், நான்காம் கொட்டகைகளுக்கு மட்டும். இரண்டிலும் இப்படியே. நடுநடுவே இருமினேன். இருமும்போது சாம்பிளில் படக் கூடாதே என்று மிகக் கவனமாக முகத்தைப் பன்றியின் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை முனிரத்தினம்மா ஆபீஸுக்குப் போன் செய்தார். பன்றிகள் இருமுகின்றன, தீனி எடுக்கவில்லை.

ஜீப்பில் நானும் டாக்டரும் போனோம். எனக்கு ஜுரம் விட்டிருந்தது, இருமல் விடவில்லை. கேட்டுக்கு வெளியே அதற்குள் எங்கள் குடியிருப்பு ஆட்கள் கூடிவிட்டார்கள். டாக்டர் தொட்டியில் கால் நனைத்துக்கொண்டு கேட்டார்.

"பத்து நாளா உள்ள யார் யாரும்மா வந்தாங்க?"

"ஒருத்தரும் வல்ல சார். எங்க அக்காவையே கேட்டுக்கு அந்தாண்ட நிக்க வச்சித்தான் பேசினேன். ஒங்க ஆபிசரு மட்டும்தான் வந்தாரு."

அந்த அம்மா அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆய்வுக்குப் போகும் எங்களை வெளியாள் கணக்கில் சேர்ப்பதே இல்லை, யாரும் சேர்ப்பதில்லை. டாக்டர் கொட்டகை கொட்டகையாகப் பார்த்தார். நான் சளி எடுத்த மூன்றும் நான்கும் மட்டும் இருமின. மற்ற மூன்றும் சும்மா இருந்தன. இருமிய பன்றிகளிடம் டாக்டரே மறுபடி சளி எடுத்தார். நான்காம் கொட்டகைக்குள் நாலைந்து நாட்டுக்கோழிகள் பன்றிகளின் தொட்டியிலேயே மேய்ந்துகொண்டிருந்தன. டாக்டர் முகம் மாறி நான் பார்த்த ஒரே தருணம் அது. "கோழிங்களை இப்பவே பிடிச்சுத் தனியா கூண்டுல அடைங்கம்மா. வெளிய எங்கயும் அனுப்பாதீங்க" என்றார்.

திங்கட்கிழமை நான் எடுத்த சாம்பிள்களின் முடிவு அடுத்த நாள் ஃபேக்ஸில் வந்தது. எல்லாம் சுத்தம். டாக்டர் அதை என் மேஜையில் வைத்தார். சாம்பிள் எடுத்த தேதியைச் சுற்றி ஒரு பென்சில் வட்டம் இருந்தது. நான் உள்ளே போனபோது அந்தப் பன்றிகளுக்கு நோய் இல்லை என்று நான் எடுத்த சாம்பிளே சாட்சி சொல்லிவிட்டது.

பேசாமல் இருந்திருக்கலாம். கூட வேலை பார்த்த ஒருவர் டீக்கடையில் வைத்து, "அண்ணே, கேன்டீன் சோத்துல வந்துச்சுன்னு எழுதிடுவாங்க. நீங்க ஏன் வாயைக் குடுக்கறீங்க?" என்றே சொன்னார். அப்படி எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பண்ணைதான் நோயின் ஊற்று என்று ஆகும். குடியிருப்புச் சங்கம் ஏற்கெனவே மனு எழுதிவிட்டது, எல்லாப் பன்றிகளையும் கொன்று புதைக்க வேண்டும் என்று. மனுவின் மூன்றாம் பக்கத்தில் என் மனைவியின் கையெழுத்தும் இருந்தது.

டாக்டர் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார்.

"எழுதுங்க. காய்ச்சல் எப்போ ஆரம்பிச்சது, எந்தக் கொட்டகைக்கு எத்தனை மணிக்குப் போனீங்க, மாஸ்க் எங்க இருந்தது. வருத்தம் தெரிவிக்க வேண்டாம். அதால பன்னிக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல."

எழுதிக் கொடுத்தேன். படித்தார். பென்சிலை எடுத்தார்.

"மாஸ்க் நழுவியதுன்னு எழுதியிருக்கீங்க. நழுவுச்சா, நீங்க இறக்கினீங்களா?"

காது வரை சூடானது. இத்தனை வருடத்தில் எனக்கு வந்த வட்டங்களிலேயே அதுதான் பெரியது. தாளை வாங்கி முழுவதையும் மறுபடி எழுதினேன். இறக்கினேன் என்று எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். அப்புறம் எழுந்து வந்து என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய்த் தொண்டைச் சளி கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கச் சொன்னார். மாஸ்க்கை இறக்கியதற்கு மெமோவும் வந்தது, அது தனி.

இரண்டு முடிவுகளும் ஒன்றாக வந்தன. எனக்கும் பன்றிக் காய்ச்சல், பன்றிகளுக்கும் பன்றிக் காய்ச்சல். அதற்குள் நான் வீட்டில் அடைந்து கிடந்து இருமலும் விட்டிருந்தது. மறுநாள் நகராட்சி மண்டபத்தில் கூட்டம். பண்ணையை என்ன செய்வது என்று அன்று முடிவாக வேண்டும். முனிரத்தினம்மா கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. எங்கள் சங்கச் செயலாளர் சண்முகம் மனுவைப் படித்தார். தூத்துக்குடிக்காரர், ஆலையில் சூப்பர்வைசர், என் பக்கத்து வீடு. பிள்ளைகளை நினைத்து உண்மையாகவே பயந்திருந்தார். டாக்டர் எழுந்து, பன்றிகள் தேறி வருகின்றன, கொல்லத் தேவையில்லை, மூன்று வாரம் பண்ணையை மூடிக் கண்காணித்தால் போதும் என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. எங்கே இருந்து வந்தது என்று சொல்லுங்கள் என்று ஒரே கூச்சல். டாக்டர் என் பேரைச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

நான் எழுந்தேன். முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"பன்றிங்களுக்கு நான்தான் குடுத்தேன்" என்றேன். "காய்ச்சலோட உள்ள போனேன். மாஸ்க்கை இறக்கினேன். நான் போறப்ப அதுங்க நல்லா இருந்துச்சு, அதுக்கு ரிப்போர்ட் இருக்கு. அந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல."

என் வரிசையில் இருந்த இரண்டு பேர் மெல்ல எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்தார்கள். சண்முகம் மனுவைக் கையில் பிடித்தபடியே என் பக்கம் திரும்பினார்.

"என்ன சார் சொல்லுதீங்க? பன்னியவே கொல்லணும்னு இங்க நிக்கோம். அப்போ உங்கள என்ன செய்ய?"

"வீட்டுல இருக்கச் சொன்னாங்க, இருந்தேன். மாத்திரை குடுத்தாங்க, சாப்பிட்டேன். சரியாப் போச்சு. அதுங்களையும் அதே மாதிரி இருக்க விடுங்க. வேறொண்ணும் கேக்கல."

சண்முகம் மனுவை மடித்தார், ஆனால் உட்காரவில்லை. கூட்டத்தை நடத்திய அதிகாரி டாக்டரிடம் இரண்டு கேள்வி கேட்டார். கோழிகள் தனியாக இருக்கின்றனவா என்பது ஒன்று, யார் கண்காணிப்பது என்பது இன்னொன்று. மூன்று வாரம் பண்ணையை மூடி வைக்க உத்தரவானது. கொல்வதென்ற பேச்சு அத்தோடு நின்றது.

வெளியே வரும்போது முனிரத்தினம்மா என்னை மறித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"நான் சோறு சரியா கொதிக்க வைக்கலியோன்னு இத்தினி நாளா தூங்கல சாரே. என் கையாலியே என் ஜீவனுங்களுக்கு விஷம் குடுத்துட்டேன்னு அழுதுனு இருந்தேன். அன்னிக்கி வெயிலுன்னு சொன்னியே."

வெட்கத்தில் குறுகி நின்றேன். அவர் போய்விட்டார்.

அந்த மூன்று வாரமும் என்னைப் பண்ணைக்குள் அனுப்ப டாக்டர் சம்மதிக்கவில்லை. கேட்டுக்கு வெளியேதான் என் வேலை. நோய் என்றதும் கேன்டீன் வேன் நின்றுபோனது. நானே ஒவ்வொரு கேன்டீன் பொறுப்பாளரிடமும் போய், நோய் சோற்றால் வரவில்லை, என்னால் வந்தது என்று சொன்னேன். சொல்லச் சொல்ல நாக்குக்குப் பழகிவிட்டது. நான்காம் நாள் பீப்பாய்கள் மறுபடி வந்தன. தெருவில் என் வீட்டைத் தாண்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டு நடந்தவர்களும் உண்டு. என் மனைவி அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சௌக்கியம் விசாரிப்பாள்.

மூன்று வாரம் கழித்து எடுத்த சாம்பிள்களில் வைரஸ் பன்றிகளிடமும் இல்லை, கோழிகளிடமும் இல்லை. வெகுநாள் கழித்து, என் தொண்டையில் இருந்த வைரஸையும் பன்றியின் மூக்கில் இருந்ததையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த விவரத்தை டாக்டர் எனக்குக் காட்டினார். இரண்டும் ஒன்றே, ஓரிரண்டு இடம் தவிர. எங்கள் இருவருக்கும் இடையில் சில நாட்களிலேயே அது பிரதி எடுத்து, பிழை விட்டு, கொஞ்சம் வேறாகியிருந்தது. அந்தப் பிழையால் எதுவும் ஆகவில்லை. கோழிகள் இன்னும் சில நாள் அந்தத் தொட்டியில் மேய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டேன். தெரியாது என்றார். அவர் தெரியாது என்று சொன்னால் அது பயப்பட வேண்டிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

பண்ணையைத் திறந்த அன்று காலை உத்தரவுத் தாளோடு நான் போனேன். புது முகக்கவசம், புதுக் கையுறை. குழாய் மூடி வைக்க மார்பில் ஒரு சின்னப் பை தைத்து மாட்டியிருந்தேன். தொட்டியில் கால் நனைத்துக்கொண்டு தாளை நீட்டினேன். முனிரத்தினம்மா அதை வாங்கவில்லை. பூட்டையும் திறக்கவில்லை.

"கிட்ட வா" என்றார்.

போனேன். கம்பி இடுக்கு வழியாகக் கையை விட்டு, புறங்கையை என் நெற்றியில் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். கழுத்திலும் வைத்துப் பார்த்தார்.

"சரி, காய்ச்சல் இல்ல" என்று சொல்லி, சாவியை எடுத்துக் கேட்டைத் திறந்தார்.